ஃபேன்டஸி ஃபுட்பால் டிராஃப்ட்: நண்பர்கள் லீக்கில் முதலில் யாரை எடுக்கணும்? எண்கள் சொல்வது என்ன?

அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை பார்க்கும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை அலுவலகங்களில் ஆகஸ்ட் மாதம் சிலருக்கு ஒரு மெசேஜ் வரும். அந்தப் பக்கம் இருக்கும் சக ஊழியர் அனுப்பியிருப்பார்: "எங்க ஃபேன்டஸி ஃபுட்பால் லீக்ல ஒரு இடம் காலியா இருக்கு, சேர்றீங்களா?" மறுக்க மனசு வராது. சரின்னு சொல்லிட்டு இணையத்தில் தேட ஆரம்பித்தால் தலை சுற்றும். ஸ்னேக், ஏடிபி, பிபிஆர், ஜீரோ ஆர்பி... விளையாட்டே புரியாதபோது வியூகம் எங்கே புரியும்?

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. கல்லூரி நண்பர்கள் 12 பேர், பாதிப் பேர் நியூ ஜெர்சியிலும் டல்லஸிலும், மீதிப் பேர் இந்தியாவில். டிராஃப்ட் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி இரவு 9 மணி, நமக்கு மறுநாள் காலை 6.30. பல் கூட தேய்க்காமல் உட்கார்ந்து, முதல் சுற்றிலேயே எனக்குத் தெரிந்த ஒரே பெயரை, ஒரு பிரபல குவார்ட்டர்பேக்கை எடுத்தேன். குரூப்பில் சிரிப்பு எமோஜி வரிசையாக வந்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று புரிய எனக்கு ஒரு சீசன் ஆனது. 12 பேரில் 12-ஆவது இடம்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில், இது என்ன விளையாட்டு?

இங்கே ஃபுட்பால் என்பது மெஸ்ஸி ஆடுவது அல்ல. அமெரிக்காவின் என்எஃப்எல். மொத்தம் 32 அணிகள். 2021-இல் இருந்து ஒவ்வொரு அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. ஒரு வாரம் ஓய்வு. அதை 'பை வீக்' என்பார்கள்.

ஃபேன்டஸி லீக்கில் நீங்கள் ஒரு கற்பனை அணியின் உரிமையாளர். உங்கள் வீரர்கள் நிஜ ஆட்டத்தில் என்ன செய்கிறார்களோ அது உங்களுக்குப் புள்ளியாக மாறும். ஒவ்வொரு வாரமும் லீக்கில் ஒரு நண்பரோடு நேருக்கு நேர் மோதுவீர்கள். கடைசி சில வாரங்கள் பிளேஆஃப்.

வழக்கமான அணியில் களமிறக்க வேண்டியவர்கள்: பந்தை எறியும் குவார்ட்டர்பேக் 1, பந்தை வாங்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் ரன்னிங் பேக் 2, தூரம் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் 2, பாதி நேரம் எதிராளியைத் தடுத்து பாதி நேரம் பந்து பிடிக்கும் டைட் எண்ட் 1, கடைசி மூன்று வகையில் யாரை வேண்டுமானாலும் போடக்கூடிய 'ஃப்ளெக்ஸ்' 1, கிக்கர் 1, ஒரு முழு அணியின் டிஃபென்ஸ் 1. இதுபோக பெஞ்சில் ஆறேழு பேர்.

டிரீம்11 ஆடியவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. டிரீம்11-இல் ஒரே கோலி லட்சம் பேர் அணியில் இருக்கலாம். டிராஃப்ட் லீக்கில் ஒரு வீரர் ஒரே ஒருவருக்குத்தான். நீங்கள் எடுத்துவிட்டால் மற்ற 11 பேருக்கும் அவர் கிடையாது. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பார்களே, அதேதான். இங்கே கேப்டன்கள் 12 பேர்.

இந்த ஒரே விதி எல்லாக் கணக்கையும் மாற்றிவிடுகிறது. கேள்வி "யார் நல்ல வீரர்?" என்பது இல்லை. "இவரை இப்போ விட்டா, அடுத்த முறை என் கைக்கு யார் மிஞ்சுவாங்க?" என்பதுதான்.

குவார்ட்டர்பேக்கை முதலில் எடுத்தால் ஏன் சிரிக்கிறார்கள்?

என்எஃப்எல்லில் மிக முக்கியமான வீரர் குவார்ட்டர்பேக். சம்பளமும் அவருக்குத்தான் அதிகம், விளம்பரத்திலும் அவர்தான். ஃபேன்டஸியிலும் அதிகப் புள்ளி எடுப்பவர்கள் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குகள்தான். அப்போ முதலில் எடுக்கிறதில் என்ன தப்பு?

தேவையையும் இருப்பையும் பாருங்கள். 12 பேர் லீக்கில் வாரத்துக்கு 12 குவார்ட்டர்பேக்குகள் போதும். இருப்பதோ 32 அணிகளுக்கு 32 பேர். ரன்னிங் பேக் நிலைமை தலைகீழ். தலைக்கு 2 என்றால் 24 பேர் வேண்டும்; ஃப்ளெக்ஸ் இடத்திலும் பலர் ரன்னிங் பேக்கைப் போடுவதால் தேவை 30-ஐத் தாண்டும். ஆனால் இன்றைய என்எஃப்எல்லில் நிறைய அணிகள் ஓடும் வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. முழுநேரமாக ஓடுபவர்கள் 32 பேர்கூட இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள்தான். ஒரு சீசனில் முதலிடக் குவார்ட்டர்பேக் 380 புள்ளி, 12-ஆவது குவார்ட்டர்பேக் 290 புள்ளி எடுக்கிறார் என்று வையுங்கள். முதலிட ரன்னிங் பேக் 340, 24-ஆவது ரன்னிங் பேக் 170. மொத்தப் புள்ளியைப் பார்த்தால் குவார்ட்டர்பேக்தான் பெரியவர். ஆனால் லீக்கில் இருக்கும் கடைசி ஆளைவிட அவர் உங்களுக்குக் கூடுதலாகத் தருவது 90. ரன்னிங் பேக் கூடுதலாகத் தருவது 170. ஜெயிக்க வைப்பது இந்தக் கூடுதல்தான்.

இந்த முறைக்கு 'வேல்யூ பேஸ்டு டிராஃப்டிங்' என்று பெயர். அமெரிக்க ஃபேன்டஸி எழுத்தாளர் ஜோ பிரையன்ட் இதைப் பிரபலப்படுத்தினார். இன்று எந்த ஃபேன்டஸி தளத்தின் தரவரிசையைத் திறந்தாலும் அதற்கு அடியில் இந்த யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆறுதலுக்கு ஒரு வரலாற்றுத் தகவல். ஃபேன்டஸி ஃபுட்பாலை 1962-இல் நியூயார்க் ஓட்டல் அறை ஒன்றில் உட்கார்ந்து யோசித்தவர், ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக். மறுவருஷம் ஓக்லண்டில் அவர் வீட்டில் 8 அணிகளோடு முதல் டிராஃப்ட் நடந்தது. உலகத்தின் முதல் ஃபேன்டஸி ஃபுட்பால் தேர்வு யார் தெரியுமா? ஜார்ஜ் பிளாண்டா என்ற குவார்ட்டர்பேக். அவருக்கு அடுத்துப் போனவர் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியின் ரன்னிங் பேக் ஜிம் பிரவுன். அந்த 1963 சீசனில் ஜிம் பிரவுன் 1,863 யார்டு ஓடி அன்றைய சாதனையைப் படைத்தார். நான் செய்த அதே தப்பு, 50 வருஷத்துக்கு மேல் முன்னாடியே!

இப்போது ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். "குவார்ட்டர்பேக்கைக் கடைசியில்தான் எடுக்கணும்" என்பது ஒரு காலத்தில் வேத வாக்கு. 2018-இல் பேட்ரிக் மஹோம்ஸ், 2019-இல் லமார் ஜாக்சன் இருவரும் பெரும்பாலான லீக்குகளில் தாமதமாகத்தான் போனார்கள். மஹோம்ஸ் அந்த சீசனில் 50 டச் டவுன் எறிந்தார். ஜாக்சன் 36 டச் டவுன் எறிந்ததோடு 1,206 யார்டு ஓடவும் செய்தார். காத்திருந்தவர்களுக்கு லாட்டரி.

ஆனால் ஜாக்சன் மாதிரி ஓடும் குவார்ட்டர்பேக்குகள் கணக்கைக் கொஞ்சம் மாற்றிவிட்டார்கள். வழக்கமான விதிப்படி எறியும் 25 யார்டுக்கு 1 புள்ளி, ஓடும் 10 யார்டுக்கே 1 புள்ளி. எறியும் டச் டவுனுக்கு 4, ஓடிப் போடும் டச் டவுனுக்கு 6. பஃபலோ பில்ஸ் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் 2023-இல் 15 டச் டவுன்களை ஓடியே போட்டார். அதில் மட்டும் 90 புள்ளி. இப்படிப்பட்ட இரண்டு மூன்று பேரை மூன்றாம், நான்காம் சுற்றில் எடுத்தால் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

இன்னொன்று: உங்கள் லீக்கில் 'சூப்பர் ஃப்ளெக்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாவது குவார்ட்டர்பேக்கையும் களமிறக்கலாம். தேவை 12-இல் இருந்து 24 ஆகிவிடும். இருப்பு அதே 32. அப்போது குவார்ட்டர்பேக்கை முதல் சுற்றில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். விதி மாறினால் வியூகமும் மாறும். அதனால் டிராஃப்ட்டுக்கு முன்னால் தரவரிசையைப் படிப்பதைவிட, உங்கள் லீக்கின் செட்டிங்ஸ் பக்கத்தைப் படிப்பது முக்கியம். பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை.

பிபிஆர் என்றால் என்ன? ஏன் முக்கியம்?

ஒரு வீரர் பந்தை ஒருமுறை பிடித்தாலே 1 புள்ளி கொடுக்கும் முறைதான் பிபிஆர். சில லீக்குகளில் அரைப் புள்ளி. சிலவற்றில் இல்லவே இல்லை.

சின்ன விஷயமாகத் தெரியும். 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் கூப்பர் கப் 145 முறை பந்து பிடித்து, 1,947 யார்டும் 16 டச் டவுனும் எடுத்தார். பிபிஆர் லீக்கில் பிடித்ததற்கு மட்டும் 145 புள்ளி. அந்த விதி இல்லாத லீக்கில் அது பூஜ்யம். ரன்னிங் பேக்கிலும் இது உண்டு. 2023-இல் சான் பிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணியின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஓடியது 1,459 யார்டு. கூடவே 67 முறை பந்தும் பிடித்தார், 564 யார்டு. இரண்டு வழியிலும் சேர்த்து 21 டச் டவுன். ஓட மட்டும் தெரிந்தவரையும், ஓடிப் பிடிக்கவும் தெரிந்தவரையும் பிபிஆர் பிரித்துக் காட்டிவிடும்.

மொத்தத்தில் பிபிஆர் இருந்தால் வைட் ரிசீவர்களின் விலை ஏறும். இல்லாவிட்டால் ரன்னிங் பேக்கின் விலை ஏறும்.

ரன்னிங் பேக்கா, வைட் ரிசீவரா? தீராத சண்டை

மேலே சொன்ன கணக்குப்படி ரன்னிங் பேக்தான் பஞ்சமான சரக்கு. அதனால் முதல் இரண்டு சுற்றிலும் ரன்னிங் பேக் எடுப்பது பல வருஷமாகப் பழகிய வழி. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது: காயம். ஒவ்வொரு ஓட்டத்திலும் 130, 140 கிலோ ஆட்கள் மேலே விழும் வேலை அது.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் பெரும்பாலான டிராஃப்ட்டுகளில் முதல் இரண்டு தேர்வு மெக்காஃப்ரியும் சக்வான் பார்க்லியும். மெக்காஃப்ரி ஆடியது 3 ஆட்டம். பார்க்லிக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முடிந்தது. 2024-இல் மறுபடியும் மெக்காஃப்ரிதான் எல்லாருடைய பட்டியலிலும் முதல் பெயர். ஆடியது 4 ஆட்டம். அதே 2024-இல், பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போன பார்க்லி 2,005 யார்டு ஓடினார். நான்கு வருஷ இடைவெளியில் ஒரே ஆள், இரண்டு கதை.

இந்த ஓட்டையை வைத்துத்தான் 2013-இல் ஷான் சீகலே என்பவர் 'ஜீரோ ஆர்பி' என்ற வியூகத்தை எழுதினார். முதல் நான்கைந்து சுற்றில் ரன்னிங் பேக்கே எடுக்காதே. வைட் ரிசீவர்களாகக் குவி. பிறகு சுற்றுச் சுற்றாக, மெயின் ஆட்டக்காரருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் ரன்னிங் பேக்குகளை மலிவாகப் பொறுக்கி வை. சீசன் நடுவில் யாராவது ஒரு மெயின் ஆள் காயம்பட்டு விழுவார். அடுத்த நாளே உங்கள் பெஞ்சில் இருப்பவர் தங்கமாகிவிடுவார். மற்றவர்களுக்கு நஷ்டமாகும் குழப்பம், உங்களுக்கு லாபமாகும்.

2018-இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் லெவியான் பெல்லை பலர் முதல் சுற்றில் எடுத்திருந்தார்கள். ஒப்பந்தத் தகராறில் அவர் அந்த சீசன் முழுக்கக் களமிறங்கவே இல்லை. அவர் இடத்துக்கு வந்த ஜேம்ஸ் கானர் 13 ஆட்டத்தில் 973 யார்டு, 12 டச் டவுன் ஓடினார். பெல்லை எடுத்தவர்கள் கடைசிச் சுற்றுகளில் கானரையும் சேர்த்து எடுத்திருந்தால் பிழைத்தார்கள். இப்படி ஒரே அணியின் இரண்டாவது ஆளைக் காப்பீடு மாதிரி எடுத்து வைப்பதை 'ஹேண்ட்கஃப்' என்பார்கள். கைவிலங்கு!

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், நடுவில். ஒரே ஒரு நல்ல ரன்னிங் பேக்கை முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ எடுத்துவிட்டு, பிறகு ஐந்தாறு சுற்றுக்கு அந்தப் பக்கமே திரும்பாமல் இருப்பது. 'ஹீரோ ஆர்பி' என்று இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் எளிமையான நிகழ்தகவு. ஒரு ரன்னிங் பேக் சீசனின் பெரும்பகுதியை இழக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அப்படி மூன்று பேரை எடுத்தவருக்கு மூவருமே நல்லபடியாக ஆடி முடிக்கும் வாய்ப்பு 42%தான். பாதிக்கும் கம்மி. எல்லா முட்டையையும் உடையுற கூடையிலேயே வைக்கிற மாதிரி.

ஸ்னேக் டிராஃப்ட்டில் உங்கள் நம்பர் என்ன சொல்கிறது?

முதல் சுற்று 1-இல் இருந்து 12 வரை போகும். இரண்டாம் சுற்று 12-இல் இருந்து 1-க்குத் திரும்பும். பாம்பு வளைந்து வளைந்து போவதுபோல. முதல் நம்பர் கிடைத்தவருக்கு 1, 24, 25, 48. ஆறாம் நம்பருக்கு 6, 19, 30, 43. கடைசி நம்பருக்கு 12, 13, 36, 37. முதல் இரண்டு தேர்வையும் கூட்டினால் எல்லாருக்கும் 25தான் வரும். நியாயமான முறை போலத் தெரிகிறதா? முழுக்க இல்லை. முதல் வீரருக்கும் ஆறாவது வீரருக்கும் உள்ள தூரம், 19-ஆவது வீரருக்கும் 24-ஆவது வீரருக்கும் உள்ள தூரத்தைவிட வழக்கமாக அதிகம். மேலே மலை செங்குத்து, கீழே போகப் போகச் சமவெளி.

ஓரத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். முதல் நம்பர்காரர் ஒருமுறை எடுத்துவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கும்போது நடுவில் 22 வீரர்கள் போய்விடுவார்கள். அதனால் அவர் ஒரு வகை தீரும்வரை காத்திருக்க முடியாது. தீரப்போகிறது என்று முன்கூட்டியே யூகிக்க வேண்டும். நடுவில் இருப்பவருக்கு அந்தப் பதற்றம் இல்லை, ஆனால் இரட்டையாக எடுக்கும் வசதியும் இல்லை.

இதற்கு உதவுவது ஏடிபி. ஆயிரக்கணக்கான டிராஃப்ட்டுகளில் ஒரு வீரர் சராசரியாக எத்தனையாவது ஆளாகப் போகிறார் என்ற எண். அதைவிடப் பயன்படுவது, உங்கள் பட்டியலை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தாமல் அடுக்கு அடுக்காகப் பிரித்து வைப்பது. "இந்த ஐந்து டைட் எண்டில் யார் வந்தாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றால் அது ஒரு அடுக்கு. அடுக்கில் ஐந்து பேரும் இருக்கும்போது அவசரப்படத் தேவையில்லை. ஒருவர்தான் மிச்சம் என்றால் இப்போதே எடுங்கள். அவருக்கு அடுத்தவர் ஒரு படி கீழே.

நண்பர்களைப் படியுங்கள்

ஏடிபி என்பது முன்பின் தெரியாத ஆயிரம் பேரின் சராசரி. நீங்கள் ஆடுவது தெரிந்த 11 பேரோடு. இதுதான் நண்பர்கள் லீக்கில் கிடைக்கும் உண்மையான தகவல், காசு கொடுத்தாலும் எந்தத் தளத்திலும் கிடைக்காது.

நான்கு வருஷத்துக்கு முன்னால், தொழில் புத்தியில், எங்கள் லீக்கின் பழைய டிராஃப்ட்டுகளை எல்லாம் ஒரு ஷீட்டில் போட்டேன். டல்லஸ் நண்பன் டல்லஸ் கவ்பாய்ஸ் வீரர்களை ஏடிபியைவிட ஒரு சுற்று முன்னாடியே எடுக்கிறான், தவறாமல். இன்னொருத்தன் போன வருஷம் யார் அவனை ஏமாற்றினார்களோ அவர்களை மறுபடி தொடவே மாட்டான். அந்த வீரர்கள் அவனைத் தாண்டி எனக்கு வருவார்கள். ஒரு தோழி டிஃபென்ஸை யாரும் நினைக்காத சுற்றில் எடுப்பாள், உடனே பதறிப்போய் அடுத்து மூன்று பேர் டிஃபென்ஸ் எடுப்பார்கள். இந்த மாதிரி மந்தை ஓட்டம் வரும்போது நீங்களும் ஓடாதீர்கள். மூன்று பேர் டிஃபென்ஸ் எடுத்தார்கள் என்றால், வேறு வகையில் மூன்று நல்ல ஆட்கள் உங்களுக்காகக் கீழே இறங்கி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஷீட்டை நான் யாருக்கும் காட்டவில்லை. போன வருஷம் தெரியாத்தனமாக ஸ்கிரீன் ஷேரில் தெரிந்துவிட்டது. அது தனிக்கதை.

கிக்கரையும் டிஃபென்ஸையும் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தெரு விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருத்தரைச் சேர்த்துக்கொள்வோமே, கிக்கர் அதுதான். கடைசிச் சுற்று. டிஃபென்ஸ் அதற்கு முந்திய சுற்று. வாரா வாரம் எதிரணியைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பை வீக் மோதுகிறதே என்றும் டிராஃப்ட்டில் கவலைப்பட வேண்டாம், அதற்குள் உங்கள் அணியில் பாதி மாறியிருக்கும்.

ஏல முறை என்றால்?

சில லீக்குகளில் பாம்பு கிடையாது, ஏலம். தலைக்கு வழக்கமாக 200 டாலர் கற்பனைப் பணம். ஐபிஎல் ஏலம் பார்த்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்தது. அணியின் மொத்தப் பணம் 120 கோடி. அதாவது 22.5%. 200 டாலர் லீக்கில் அது 45 டாலர். 2025 சீசனில் பந்த் எடுத்தது 269 ரன், லக்னோ பிளேஆஃப் போகவில்லை. ஒரே ஆளுக்கு நாலில் ஒரு பங்கு பணத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

ஏலத்தில் ஒரு தந்திரம் மட்டும் சொல்கிறேன். உங்கள் முறை வரும்போது, உங்களுக்கு வேண்டாத, ஆனால் நண்பர்களுக்குப் பிடித்த பெரிய பெயர்களை ஏலத்துக்கு விடுங்கள். அவர்கள் பணம் கரையட்டும்.

டிராஃப்ட் முடிந்தால் வேலை முடிந்ததா?

இல்லை. 2023-இல் ராம்ஸ் அணி ஐந்தாம் சுற்றில், 177-ஆவது ஆளாக எடுத்த புகா நகுவாவை அந்த ஆகஸ்ட்டில் ஃபேன்டஸியில் கிட்டத்தட்ட யாருமே எடுக்கவில்லை. அவர் 105 முறை பந்து பிடித்து 1,486 யார்டு எடுத்தார், முதல் வருஷ வீரருக்கு அப்போது இரண்டுமே சாதனை. அவரை எடுத்தவர்கள் டிராஃப்ட்டில் ஜெயிக்கவில்லை. முதல் வாரம் முடிந்ததும் 'வேவர்' எனப்படும் வெளியே மிஞ்சியவர்கள் பட்டியலைக் கவனித்தார்கள். அதனால் உங்கள் பெஞ்சில் கடைசி இரண்டு இடங்களை எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடக்கூடிய ஆட்களுக்கு ஒதுக்குங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: ஞாயிறு முதல் ஆட்டங்கள் நமக்கு இரவு 10.30 மணிக்கு, நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரம் மாறியபின் 11.30 மணிக்குத் தொடங்கும். யார் ஆடவில்லை என்ற இறுதிப் பட்டியல் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்தான் வரும். சீக்கிரம் தூங்குகிற பழக்கம் இருந்தால் இந்த லீக்கில் சேராதீர்கள்.

பணம் வைத்து ஆடலாமா?

அமெரிக்காவில் 2006-இல் வந்த இணையச் சூதாட்டத் தடுப்புச் சட்டம் ஃபேன்டஸி விளையாட்டுக்கு விலக்குக் கொடுத்தது. அங்கே நண்பர்கள் லீக்கில் ஆளுக்கு 50, 100 டாலர் போடுவது சாதாரணம். இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. டிரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது அதனால்தான். இங்கே இருந்து ஆடுகிறவர்கள் பணமில்லாத லீக்கில் சேருவதுதான் பாதுகாப்பு.

எங்கள் லீக்கில் இந்தச் சட்டத்துக்கு முன்னாலேயே இதில் அடிபட்டிருக்கிறோம். அமெரிக்காவில் இருந்த 6 பேர் மட்டும் ஆளுக்கு 50 டாலர் போட்டார்கள், நாங்கள் 6 பேர் சும்மா ஆடினோம். அந்த வருஷம் ஜெயித்தது பெங்களூருக்காரன். 300 டாலர் யாருக்கு? பணம் போட்டவர்களில் முதலில் வந்தவருக்கா, கோப்பை ஜெயித்தவனுக்கா? விதியில் எழுதவில்லை. மூன்று மாசம் பேச்சு நடந்தது. ஒரு நண்பர் லீக்கை விட்டே போய்விட்டார். அவர் கல்யாணத்துக்கு நாங்கள் ஏழு பேர்தான் போனோம். டிராஃப்ட் வியூகம் எல்லாம் இருக்கட்டும், முதல் தேர்வுக்கு முன்னால் பரிசு, சமநிலை, வீரர் பரிமாற்றம், கடைசி இடத்துக்குத் தண்டனை என்று ஒரு பக்கம் எழுதி எல்லாரையும் 'சரி' போட வையுங்கள்.

தண்டனை என்றால் அமெரிக்காவில் பிரபலமானது, கடைசியாக வந்தவர் வாஃபிள் ஹவுஸ் உணவகத்தில் 24 மணி நேரம் உட்கார வேண்டும்; சாப்பிடும் ஒவ்வொரு வாஃபிளுக்கும் ஒரு மணி நேரம் குறையும். எங்கள் லீக்கில் கடைசி ஆள் ஒரு வருஷம் முழுக்கக் குரூப்பில் மற்றவர்கள் தேர்ந்தெடுக்கும் புகைப்படத்தைத்தான் டிபியாக வைக்கணும். என் மாமியார்கூட அதைப் பார்த்துவிட்டார்.

இவ்வளவும் செய்தால் ஜெயிப்பீர்களா?

பெரும்பாலும் மாட்டீர்கள். 12 பேரும் சம திறமை என்றால் ஒரு வருஷத்தில் கோப்பை கிடைக்கும் வாய்ப்பு 8.3%. பத்து வருஷம் ஆடியும் ஒருமுறைகூட ஜெயிக்காமல் போகும் வாய்ப்பு 42%. நீங்கள் நன்றாகப் படித்து, உங்கள் வாய்ப்பை மற்றவர்களைப்போல் இரண்டு மடங்காக, 16.7% ஆக ஆக்கிவிட்டீர்கள் என்று வைப்போம். அது பெரிய சாதனை. அப்போதும் ஆறு வருஷத்தில் ஐந்து வருஷம் தோற்பீர்கள். ஆனால் பத்து வருஷம் வெறுங்கையோடு போகும் வாய்ப்பு 42%-இல் இருந்து 16% ஆக இறங்கும். நேருக்கு நேர் மோதலில் லீக்கிலேயே இரண்டாவது அதிகப் புள்ளி எடுத்த வாரத்தில், முதல் அதிகப் புள்ளி எடுத்தவரோடு மோதித் தோற்பதெல்லாம் நடக்கும். அதற்கு எந்த ஷீட்டும் உதவாது.

எனக்குக் கோப்பை இதுவரை ஒன்றுதான். அடுத்த டிராஃப்ட்டுக்குச் சீட்டு குலுக்கியாச்சு, வந்த நம்பர் 11. அதாவது 11, 14, 35, 38. எனக்குப் பின்னால் 12-ஆம் நம்பரில் டல்லஸ்காரன் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு 11-க்கும் 14-க்கும் நடுவில் எடுக்கப்போவது அவன் ஒருவன் மட்டும்தான், இரண்டு பேர் எடுப்பான். அதில் ஒன்று கவ்பாய்ஸ் ஆளாகத்தான் இருக்கும் என்று எழுதி மடித்து வைத்திருக்கிறேன்.